ஏஎஸ்/400-க்குப் புது மேனுவல் எங்கே கிடைக்கும்?

‘ஏஎஸ்/400 தெரிந்த ப்ரோகிராமர்கள் தேவை.’ சென்னை, பெங்களூரு ஐ.டி நிறுவனங்களின் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இன்றும் இந்த வரியைப் பார்க்கலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐ.பி.எம் நிறுவனம் ‘ஏஎஸ்/400’ என்ற பெயரைக் கைவிட்டுக் கால் நூற்றாண்டு ஆகிறது. பெயர் போய்விட்டது, கம்ப்யூட்டர் போகவில்லை. அதன் வாரிசு வேறொரு பெயரில் விற்பனையில் இருக்கிறது, வருடாவருடம் புது வசதிகளும் சேர்கின்றன. ஆனால் விளம்பரம் கொடுப்பவர், இன்டர்வியூ எடுப்பவர், பக்கத்து சீட்டில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும் சீனியர் என எல்லோர் வாயிலும் வருவது பழைய பெயர்தான். மவுன்ட் ரோடு அண்ணா சாலையாகி எத்தனையோ வருடங்கள் ஆன பிறகும் ஆட்டோவில் ஏறினால் ‘மவுன்ட் ரோடு போப்பா’ என்பதில்லையா, அப்படி.

ஆட்டோக்காரருக்கு இரண்டு பெயரும் தெரியும். தேடுபொறிக்கு நாம் எதை டைப் செய்கிறோமோ அதுதான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு ஃப்ரெஷர் ‘ஏஎஸ்/400 ஆர்.பி.ஜி மேனுவல்’ என்று தேடினால், அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்த காலத்தில் எழுதப்பட்ட கையேடுகள்தான் வரிசையாக வந்து நிற்கும். அதாவது 1990-களின் கையேடுகள். சில சமயம் அந்த ஃப்ரெஷர் பிறப்பதற்கும் முன்னால் அச்சானவை.

நடுவில் நிற்கும் கம்ப்யூட்டர்

மெயின்ஃப்ரேம் என்ற பிரமாண்டத்துக்கும் மேஜை மேல் இருக்கும் பி.சி-க்கும் நடுவில் இருப்பதால் இந்த வகைக்கு ‘மிட்ரேஞ்ச்’ என்று பெயர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் நகரில் ஐ.பி.எம் இதை உருவாக்கி, 1988 ஜூனில் அறிமுகம் செய்தது. அதற்கு முன்பிருந்த சிஸ்டம்/36, சிஸ்டம்/38 என்ற இரண்டு கம்ப்யூட்டர்களின் வாடிக்கையாளர்களையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவருவதுதான் நோக்கம். டேட்டாபேஸ், பாதுகாப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி ஒட்டவைக்கத் தேவையில்லை. பெட்டியோடு சேர்ந்தே வரும். கிடங்கு, தொழிற்சாலை, இன்ஷூரன்ஸ், வங்கி, சூப்பர் மார்க்கெட் சங்கிலி போன்ற இடங்களில் ‘ஒருமுறை வைத்தால் ஓடிக்கொண்டே இருக்கும்’ என்று பெயர் வாங்கியது அப்படித்தான்.

வெளிநாட்டில் ஓடும் இந்தப் பெட்டிகளில் பலவற்றைப் பராமரிக்கும் வேலை இந்திய ஐ.டி நிறுவனங்களிடம் இருக்கிறது. எனவே, ‘பையன் நைட் ஷிஃப்ட்ல கறுப்புத் திரையில பச்சை எழுத்தா ஏதோ பார்த்துக்கிட்டு இருக்கான்’ என்று கவலைப்படும் அம்மாக்கள் பயப்பட வேண்டாம். பையன் ஏதும் ஹேக் செய்யவில்லை. பெரும்பாலும் எங்கோ ஒரு கிடங்கின் சரக்குக் கணக்கு நேராகவில்லை என்று தேடிக்கொண்டிருப்பான்.

பெயர்க் கதைக்கு வருவோம். 2000-ல் ஏஎஸ்/400 ‘ஐசீரிஸ்’ ஆனது. 2004-ல் ‘ஐ5’, 2006-ல் ‘சிஸ்டம் ஐ’. 2008-ல் அந்தப் பெட்டியே ‘பவர் சிஸ்டம்ஸ்’ என்ற பொதுக் குடும்பத்தில் கலந்துவிட்டது. அதில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயரும் கூடவே மாறியது: முதலில் ஓஎஸ்/400, 2004-ல் ஐ5/ஓஎஸ், 2008-ல் ‘ஐ.பி.எம் ஐ’.

ஆம், வெறும் ‘ஐ’. ஒற்றை எழுத்து. இந்தப் பெயரை வைத்தவர்கள் அதைத் தேடிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒற்றை எழுத்தைத் தேடுபொறி ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாத நேரமும் உண்டு. ‘ஐ.பி.எம்’ என்பதற்குக் கிடைக்கும் விடைகளையெல்லாம் அள்ளிக் கொட்டிவிடும். அதனால்தான் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பப் பழைய பெயருக்கே போகிறார்கள். போனதும் 1990-களில் போய் விழுகிறார்கள்.

ஐ.பி.எம் தன் கையேடுகளை வைத்திருக்கும் இடத்தின் பெயரையும் விட்டுவைக்கவில்லை. அச்சுப் புத்தகம், சி.டி, பிறகு ‘இன்ஃபர்மேஷன் சென்டர்’, அதன்பின் ‘நாலெட்ஜ் சென்டர்’, இப்போது ‘ஐ.பி.எம் டாக்குமென்டேஷன்’. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் பழைய முகவரிக்குக் கொடுத்த இணைப்புகள் அறுந்துபோயின. பத்து வருடத்துக்கு முன்பு யாரோ ஒருவர் அக்கறையாகக் குறித்துவைத்த லிங்க்கை இன்று தட்டினால், பக்கம் இல்லை என்று பதில் வருவதற்கு இதுதான் காரணம்.

பழைய பஞ்சாங்கம் பொய்க்காது!

சரி, பழைய மேனுவல் கிடைத்தால் என்ன குறைந்துவிடும்? இந்தக் கம்ப்யூட்டரின் விசித்திரமே இங்குதான் இருக்கிறது.

போன வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்தால், முதல் அமாவாசையிலேயே குட்டு உடைந்துவிடும். பழைய போனுக்கு எழுதிய ஆப்பை இன்றைய போனில் போட்டால் ஓடாது, உடனே தெரிந்துவிடும். ஏஎஸ்/400 குடும்பத்தில் அப்படிக் குட்டு உடைவதே இல்லை. பழைய ப்ரோகிராம்கள் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதை ஒரு விரதம் போலக் காத்துவரும் கம்ப்யூட்டர் இது. 1995-ல் இதன் ப்ராசஸரையே அடியோடு மாற்றினார்கள். 48 பிட் அமைப்பிலிருந்து 64 பிட் பவர்பி.சி-க்குத் தாவினார்கள். அப்போதும் தேவையான விவரங்கள் உள்ளே பத்திரமாக இருந்த ப்ரோகிராம்கள், யாரும் மறுபடி எழுதாமல், கம்பைல்கூடச் செய்யாமல் புதுப் பெட்டியில் ஓடின. பெட்டியே அவற்றைத் தனக்கேற்றபடி மாற்றிக்கொண்டது. அன்றைய கம்ப்யூட்டர் உலகில் இது சாதாரண விஷயம் கிடையாது.

அதன் விலையை இப்போது புதிதாக வருகிறவர்கள் கொடுக்கிறார்கள். பழைய மேனுவலைப் பார்த்து எழுதிய கோட் வேலை செய்துவிடுகிறது. வேலை செய்வதால் சந்தேகம் வருவதில்லை. சந்தேகம் வராததால் புது மேனுவலைத் தேடுவதில்லை. 2020-களில் வேலைக்குச் சேர்ந்தவர், 1985-ல் எழுதியது போன்ற கோடை எழுதி, ‘ஏஎஸ்/400 என்றாலே இப்படிப் பழசாகத்தான் இருக்கும்’ என்று முடிவு கட்டி, ஆறு மாதத்தில் வேறு டெக்னாலஜிக்கு மாற்றம் கேட்கிறார். பழசு அவர் கையிலிருந்த மேனுவல் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பதிலுக்கு ஆள் கிடைக்காமல் நிறுவனம் தவிப்பதும், ஓய்வுபெறும் வயதில் இருக்கும் சீனியரை இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லிக் கெஞ்சுவதும் இதன் தொடர்ச்சிதான்.

ஆறாவது கட்டத்தில் ‘சி’

இந்தக் கம்ப்யூட்டரின் தாய்மொழி என்று ‘ஆர்.பி.ஜி’-யைச் சொல்லலாம். ‘ரிப்போர்ட் ப்ரோகிராம் ஜெனரேட்டர்’ என்பதன் சுருக்கம். 1959-ல் ஐ.பி.எம் 1401 என்ற கம்ப்யூட்டருக்காகப் பிறந்தது. அப்போது ப்ரோகிராமைத் துளையிட்ட அட்டைகளில் எழுதுவார்கள். ஒரு அட்டையில் 80 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்பதில்தான் அர்த்தமே இருந்தது. ஆறாவது கட்டத்தில் ‘சி’ இருந்தால் கணக்கு, ‘எஃப்’ இருந்தால் ஃபைல் விவரம். ஒரு கட்டம் தள்ளி அடித்தாலும் அர்த்தம் மாறிவிடும். அட்டைகள் மறைந்தன, கட்டங்கள் பல பத்தாண்டுகள் மறையவில்லை.

இதே பெயரில் உண்மையில் மூன்று வெவ்வேறு மொழிகள் இருக்கின்றன என்று சொன்னால் பெரிய மிகை ஆகாது. 1978-ன் சிஸ்டம்/38-உடன் வந்த ஆர்.பி.ஜி-3 ஒன்று. ஏஎஸ்/400-ல் இது ஆர்.பி.ஜி/400 என்ற பெயரில் தொடர்ந்தது. 1994-ல் வந்த ஆர்.பி.ஜி-4 இரண்டாவது; மேனுவல்களில் இதன் பெயர் ‘ஐ.எல்.இ ஆர்.பி.ஜி’. அதிலிருந்து மெதுவாக உருவான, கட்டங்களே இல்லாத ஃப்ரீ வடிவம் மூன்றாவது. 2001-ல் கணக்குப் பகுதிக்கு மட்டும் இந்த விடுதலை கிடைத்தது. 2013-ல் மாறிகளையும் ஃபைல்களையும் அறிவிக்கும் பகுதிக்குக் கிடைத்தது. 2015-ல்தான் முதல் வரியில் இரண்டு நட்சத்திரம் போட்டு ‘ஃப்ரீ’ என்று எழுதிவிட்டு, முதல் கட்டத்திலிருந்தே இஷ்டப்படி எழுதலாம் என்றானது. 1959-ல் தொடங்கிய கட்டத்துக்கு 2015-ல் விடுதலை!

மேனுவல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஃபைலில் ஒரு வாடிக்கையாளரின் விவரத்தை எடுக்க ‘செயின்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஆர்.பி.ஜி-3-ல் அதை 28-வது கட்டத்தில் தொடங்கி எழுத வேண்டும். ஆர்.பி.ஜி-4-ல் 26-வது கட்டத்தில். ஃப்ரீ வடிவத்தில் கட்டமே கிடையாது. ‘ஆர்.பி.ஜி/400 ரெஃபரன்ஸ்’, ‘ஐ.எல்.இ ஆர்.பி.ஜி ரெஃபரன்ஸ்’ என்ற தலைப்புகளுக்குள் வித்தியாசம் தெரியாத ஃப்ரெஷர், முதல் புத்தகத்தைப் பார்த்து இரண்டாவது மொழியில் எழுதினால் கம்பைலர் பக்கம் பக்கமாகத் திட்டும். வாடிக்கையாளர் பெயருக்கான ஃபீல்டுக்கு ஆறு எழுத்துக்குள் பெயர் வைக்கப் படாதபாடு படுவதும் அதே குழப்பம்தான். அந்த ஆறெழுத்துக் கட்டுப்பாடு ஆர்.பி.ஜி-3-க்கு உரியது.

‘மூவ்’ கதை இன்னும் சுவாரஸ்யம். ஒரு ஃபீல்டிலிருந்து இன்னொன்றுக்கு மதிப்பை மாற்றும் கட்டளை இது. பழைய ப்ரோகிராம்களில் பார்க்கும் இடமெல்லாம் இருக்கும்; பழைய மேனுவல்களில் பக்கம் பக்கமாக இருக்கும். ஃப்ரீ வடிவத்தில் அதற்கு அனுமதி இல்லை. கட்டம் போட்ட வடிவத்தில் இன்றும் செல்லும். எனவே ‘மூவ் செல்லுமா?’ என்று கேட்டால், செல்லும் என்பவரும் செல்லாது என்பவரும் இரண்டு பேருமே சரி. எந்த மேனுவலைப் படித்துவிட்டுப் பேசுகிறார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதைவிடக் குழப்புவது பழைய எடிட்டர். பச்சை எழுத்துத் திரையில் கோட் எழுத ‘எஸ்.இ.யூ’ என்று ஒன்று இருக்கிறது. ஆர்.பி.ஜி-யில் அதற்குத் தெரிந்த இலக்கணம் 6.1 பதிப்போடு, அதாவது 2008-ஓடு நின்றுவிட்டது. ஒருவர் கஷ்டப்பட்டுப் புது மேனுவலைக் கண்டுபிடித்து, அதில் உள்ளபடி ஒரு வரியை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியது சரி. கம்பைலரும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் எடிட்டர் ‘தப்பு’ என்று அடம்பிடிக்கும். பார்க்கிறவர் மேனுவல்தான் தவறு என்று நினைத்துப் பழைய வழிக்கே திரும்பிவிடுவார். இதற்குத் தீர்வு எடிட்டரை மாற்றுவது. ஐ.பி.எம்-மின் ‘ஆர்.டி.ஐ’ இருக்கிறது, வி.எஸ் கோடில் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும் ‘கோட் ஃபார் ஐ.பி.எம் ஐ’ இருக்கிறது. ஃப்ரெஷர்களுக்குக் கல்லூரியிலேயே பழகிய திரை என்பதால் இரண்டாவதில் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள்.

20 வருட வீட்டுக் கடன்

‘கோட் அழகாக இல்லாவிட்டால் போகிறது, வேலை நடந்தால் சரி’ என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு.

ஆர்.பி.ஜி-யில் தேதியை வருடத்துக்கு இரண்டே இலக்கம் கொடுத்தும் வைக்கலாம், நான்கு இலக்கம் கொடுத்தும் வைக்கலாம். இரண்டு இலக்கத்தில் ‘41’ என்றால் 1941-ஆ, 2041-ஆ? கம்ப்யூட்டர் எப்படி முடிவு செய்யும்? நெடுங்காலமாக இருந்துவந்த விதி இது: இரண்டு இலக்க வருடம் 1940 முதல் 2039 வரை மட்டும்தான். எனவே ‘41’ என்றால் 1941. 2041-ஐ அந்த வடிவத்தில் சொல்லவே வழியில்லை.

இப்போது 20 வருட வீட்டுக் கடன் வாங்குகிறவரின் கடைசித் தவணை 2040-களில் வரும். நீண்டகால இன்ஷூரன்ஸ் பாலிசி, குத்தகை, பென்ஷன் எல்லாம் அப்படித்தான். 2041 மார்ச் என்ற தேதியை இரண்டு இலக்க வடிவத்துக்கு மாற்றச் சொன்னால், ப்ரோகிராம் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். 2040 வரை காத்திருக்க வேண்டியதில்லை. எதிர்காலத் தேதியைக் கணக்கிடும் ப்ரோகிராமுக்கு இந்தப் பிரச்னை இன்றே வந்துவிடும். நீண்ட தேதிகளைக் கையாளும் இடத்தில் பழைய மேனுவலின் உதாரணத்தை அப்படியே காப்பி அடிப்பது ஆபத்து என்பது இதனால்தான். அந்த உதாரணங்கள் எழுதப்பட்ட காலத்தில் 2039 கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. இடமும் மிச்சம் என்று இரண்டு இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அண்மைக்கால ஐ.எல்.இ ஆர்.பி.ஜி மேனுவலில் இதற்கென்றே ‘டேட்ஒய்ஒய்’ என்று ஒரு சொல் சேர்க்கப்பட்டிருக்கிறது. ப்ரோகிராமின் தலைப்பகுதியில் இதைப் போட்டால், இரண்டு இலக்க வருடம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று கம்பைலரே எச்சரிக்கும். எச்சரிக்கை போதாது என்றால், கம்பைல் செய்யவே மறுக்கும்படியும் வைக்கலாம். ஆயிரக்கணக்கான ப்ரோகிராம்களைக் கண்ணால் தேடும் வேலை மிச்சம். ஆனால் இப்படி ஒரு சொல் இருப்பது, 2000-ல் அச்சான புத்தகத்தைப் புரட்டுகிறவருக்கு எந்த ஜென்மத்தில் தெரியும்?

முதலில் பதிப்பு, பிறகு தேடல்

தேடத் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பெட்டியில் ஓடுவது எந்தப் பதிப்பு? 6.1 வந்தது 2008-ல். 7.1 வந்தது 2010-ல். பிறகு 7.2 (2014), 7.3 (2016), 7.4 (2019), 7.5 (2022), 7.6 (2025). ‘ஸ்கேன்ஆர்பிஎல்’ என்று ஒரு வசதி. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லைத் தேடி வேறு சொல்லை வைக்கும், அவ்வளவுதான். அது வந்தது 7.1-ல். 6.1 மேனுவலை வைத்திருப்பவர் அதே வேலைக்குப் பத்து வரி எழுதிக்கொண்டிருப்பார்.

பதிப்பைக் கண்டுபிடிக்க அட்மினிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு ப்ரோகிராமைக் கம்பைல் செய்து, அதன் அறிக்கையின் முதல் வரியைப் பார்த்தால் போதும். ‘5770’ என்று தொடங்கும் எண்ணும் அதன் அருகில் ‘வி7ஆர்4எம்0’ போன்ற குறியும் இருக்கும். அது 7.4 என்று அர்த்தம். முதல் நான்கு எண்களே ஒரு ஜாதகம்: 5770 என்றால் 7 வரிசை, 5761 என்றால் 6.1, 5722 என்றால் 5-ம் வரிசை, 5769 என்றால் 4-ம் வரிசை. தேடிக் கிடைத்த ஒரு மேனுவலின் முதல் பக்கத்தில் 5769 என்று இருந்தால், தயங்காமல் மூடிவிடலாம்.

கோட் இருக்கும் ஃபைலின் வகையையும் கவனிக்க வேண்டும். வெறும் ‘ஆர்.பி.ஜி’ என்று இருந்தால் அது பழைய மொழி. அதற்குப் பழைய ஆர்.பி.ஜி/400 புத்தகமே சரியானது. ‘ஆர்.பி.ஜி.எல்.இ’ என்று இருந்தால் ஐ.எல்.இ புத்தகம். பழைய மேனுவலைக் குப்பையில் போடச் சொல்லாததற்கு இதுதான் காரணம். 1989-ல் எழுதிய ப்ரோகிராமைத் திருத்த வேண்டியிருந்தால், அதை எழுதியவர் எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாரோ அதுதான் துணை. புதிதாக எழுதும்போது அதைத் திறக்கக் கூடாது, அவ்வளவே.

பதிப்பு தெரிந்த பிறகு ஐ.பி.எம் டாக்குமென்டேஷன் பக்கத்தில் ‘ஐ.பி.எம் ஐ’-யைத் தேர்ந்து, பதிப்பு எண்ணையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். தேடுபொறி வழியாக உள்ளே வந்தவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அது கொண்டுவந்து இறக்கியது 7.2 பக்கமாக இருக்கும். கவனிக்காமல் படித்துக்கொண்டே போவார்கள். ப்ரோகிராமிங் பகுதியில் ஐ.எல்.இ ஆர்.பி.ஜி ரெஃபரன்ஸ் இருக்கும். பி.டி.எஃப்-ஆக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. பதிப்புகளுக்கான ஆதரவு முடிந்துகொண்டே வருகிறது, 7.3-க்குக்கூட 2023 செப்டம்பரோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அலுவலகம் இன்னும் அதில்தான் ஓடுகிறது என்றால், அதன் மேனுவலைப் பத்திரப்படுத்துவது உங்கள் பொறுப்பு.

அந்த ரெஃபரன்ஸ் ஆயிரம் பக்கத்துக்குக் குறையாத அகராதி. சுவையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அதில் முதலில் படிக்க வேண்டியது தொடக்கத்தில் உள்ள ‘என்ன புதிது?’ பகுதி. இந்தப் பதிப்பில் வந்தவை, அதற்கு முந்தையதில் வந்தவை என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். பத்து வருடம் இந்தத் துறையில் இருப்பவர்கள்கூட ஒருமுறை இதை முழுதாகப் படித்தால் நாலைந்து இடத்தில் ‘அட, இது எப்போ வந்தது?’ என்பார்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. புது வசதிகள் புதுப் பதிப்போடு மட்டும் வருவதில்லை. ‘பி.டி.எஃப்’ என்று ஒன்று உண்டு. பக்கங்களைப் படிக்கும் பி.டி.எஃப் இல்லை, இந்த உலகில் பி.டி.எஃப் என்றால் சாஃப்ட்வேர் ஒட்டு. (ஒரே பேச்சில் இரண்டு பி.டி.எஃப்பும் வந்தால் ஃப்ரெஷரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.) முன்பு சொன்ன 2013-ன் ஃப்ரீ வடிவம் 7.1-க்கு அப்படி ஒட்டாகத்தான் வந்தது. எனவே 2010-ல் வெளியான 7.1 புத்தகத்தில் அது இருக்காது. மறுபக்கம், மேனுவலில் இருக்கும் வசதி உங்கள் பெட்டியில் ஓடாமலும் போகலாம், ஒட்டு போடவில்லை என்றால். எந்த வசதிக்கு எந்த ஒட்டு வேண்டும் என்ற பட்டியலை ஐ.பி.எம்-மின் ஆர்.பி.ஜி குழு ‘ஆர்.பி.ஜி கஃபே’ என்ற பக்கத்தில் வைத்திருக்கிறது. மேனுவலுக்கு அடுத்தபடியாகக் குறித்துவைக்க வேண்டிய இடம் இது.

எண்ணின் வாலைப் பாருங்கள்

சிலருக்கு அலுவலக அலமாரியில் பழைய அச்சுப் புத்தகங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு எண் இருக்கும். ஐ.எல்.இ ஆர்.பி.ஜி ரெஃபரன்ஸுக்கு எஸ்சி09-2508. அதற்குப் பிறகு ஒரு சிறு கோடும் இரண்டு இலக்கமும் வரும். எத்தனையாவது வெளியீடு என்பதைச் சொல்வது அந்த வால்தான். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘அதே புக்தான்’ என்று இருந்துவிடக் கூடாது. ஐ.பி.எம்-மின் செயல்முறை விளக்கப் புத்தகங்களான ‘ரெட்புக்’ வரிசையில் ஆர்.பி.ஜி-4 பற்றிய எஸ்ஜி24-5402 என்ற புத்தகம் 2000-ல் வந்தது. அதே எண்ணில், வால் மட்டும் மாறி, 2016-ல் இன்னொன்று வந்தது. நடுவில் 16 வருடம்.

ஏ.ஐ சாட்பாட்டைக் கேட்டால் போதாதா என்ற கேள்வி இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. கேட்கலாம்தான். ஆனால் அது படித்ததும் எல்லாக் காலத்து ஆர்.பி.ஜி-யும் கலந்து கிடக்கும் அதே குவியலை. ஃப்ரீ வடிவத்தில் ஆரம்பித்து நடுவில் ‘மூவ்’ போட்டுவிட வாய்ப்பு உண்டு. பதிப்பு எண்ணைச் சொல்லிக் கேட்டு, வந்த விடையில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் ரெஃபரன்ஸில் ஒருமுறை சரிபார்ப்பதே பாதுகாப்பு.

வெளியே எங்கும் போகாமல் அந்தக் கம்ப்யூட்டரையே கேட்கும் வழியும் இருக்கிறது. பச்சைத் திரையில் எந்தக் கட்டளையை டைப் செய்தும் எஃப்4 அழுத்தினால், அது கேட்கும் விவரங்கள் கட்டம் கட்டமாக விரியும். ஒரு கட்டத்தில் நின்று எஃப்1 அழுத்தினால் விளக்கம் வரும். பிழைச் செய்தி மேலும் அப்படியே. இந்த விளக்கங்கள் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பவை என்பதால், பதிப்பு மாறிப்போகும் என்ற பயமே கிடையாது. ‘ஜென்சிஎம்டிடாக்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், நீங்கள் கேட்கும் கட்டளையின் முழு விளக்கத்தையும் பிரௌசரில் படிக்கும் பக்கமாகவே எழுதிக் கொடுத்துவிடும். அலுவலகத்தில் யாரோ எப்போதோ உருவாக்கிய சொந்தக் கட்டளைகளுக்கும் இது வேலை செய்யும். உதவிக் குறிப்பு எழுதிவைக்காமல் போயிருந்தால், அந்தக் கட்டளைக்கு என்னென்ன விவரங்கள் வேண்டும் என்ற பட்டியலாவது கிடைக்கும்.

எஸ்.க்யூ.எல் தெரிந்தவர்களுக்கு ‘சர்வீசஸ் இன்ஃபோ’ என்ற அட்டவணை இருக்கிறது. பெட்டியின் நிலவரத்தை எஸ்.க்யூ.எல் வழியாகக் கேட்டு அறிய என்னென்ன சேவைகள் உண்டு என்பதை, உதாரண வரிகளோடு அதுவே பட்டியல் போடும்.

கடைசியாக, ப்ராஜெக்ட் லைவ் போகும் நாளில் கையைக் கடிக்கும் விஷயம். கோட் எழுதும் பெட்டி 7.5-ல் இருக்கும், வாடிக்கையாளரின் பெட்டி 7.3-ல் இருக்கும். 7.5 மேனுவலைப் பார்த்து எழுதிய ப்ரோகிராம் இங்கே ஜோராக ஓடிவிட்டு, அங்கே ஏற மறுக்கும். கம்பைல் செய்யும்போது எந்தப் பதிப்புக்காக என்று சொல்ல ‘டிஜிடிஆர்எல்எஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விட்டால், பெட்டி தன் பதிப்பையே எடுத்துக்கொள்ளும். எழுதும் பெட்டியின் கம்பைலர் எவ்வளவு பழைய பதிப்பு வரை இறங்கிவரும் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. அதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அங்கே எந்த எண்ணைப் போடப் போகிறீர்களோ, மேனுவலிலும் அதே எண்ணைத்தான் திறந்து வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் பதிப்பு என்ன என்று முதல் மீட்டிங்கிலேயே கேட்டு, ப்ரோகிராமின் மேல் வரியில் குறிப்பாக எழுதி வைத்துவிடுங்கள்.